வெளிச்சத்துக்காகத்தான் வருகிறேன்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில், மூன்றாம் நாள் விடியற்காலை அதிகார நந்தி புறப்படும்போது கோபுரவாசலில் முதல் வரிசையில் நிற்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகை கையைக் கூப்பியிருக்கும். இன்னொரு வகைக்குக் கூப்பக் கை ஒழியாது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஏகப்பட்ட பைகள் வைத்துத் தைத்த கையில்லாத காக்கிச் சட்டை, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்ட தொப்பி, கழுத்தில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு கேமராக்கள். வங்கியிலோ மின்வாரியத்திலோ தொலைபேசித் துறையிலோ முப்பத்தைந்து வருடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணிக்கொடையில் ஒரு பங்கை வீட்டுக்குத் தெரியாமல் லென்ஸாக மாற்றிக்கொண்ட பெரியவர். "சாமி பார்க்க வந்தீங்களா சார்?" என்று யாராவது கேட்டால், "பக்தியெல்லாம் நமக்கு அவ்வளவு கிடையாதுங்க, லைட்டுக்காக வர்றேன்" என்பார். அடக்கமாகச் சொல்லுவார், கொஞ்சம் பெருமையும் இருக்கும். அவர் இதை நம்பியே சொல்கிறார். நாம் நம்பக் கூடாது. இந்த ஊரில் மிஞ்சியிருக்கும் ஆசாரசீலர்களில் இவர் அளவுக்கு நியமம் தவறாதவர் இல்லை என்பது என் கட்சி.

அவருடைய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். நாலரைக்கு எழுந்திருக்கிறார். பெரியவர்கள் பிரம்ம முகூர்த்தம் என்றதை இவர் 'ப்ளூ அவர்' என்கிறார். சூரியன் வருவதற்கு முந்திய அந்த நீல வெளிச்சம் அரை மணிகூட நிற்காது என்பதால் குளியல், காபி எல்லாம் அதற்குமுன் முடிந்தாக வேண்டும். பெரும்பாலும் காபி கிடையாது, ஆக உபவாசம். காலைச் சந்தி ஒன்று, மாலைச் சந்தி ஒன்று. உச்சிவேளைக்கு மட்டும் போகமாட்டார். தலைக்கு நேர்மேலே வெயில் நின்றால் கண்குழியில் நிழல் விழுந்து எல்லா முகமும் பேய் முகமாகிவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். மாத்தியான்னிகத்தை விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் சொன்ன வைதிகர் யாருமில்லை. பஞ்சாங்கமும் அவருக்கு அத்துபடி. "இன்னிக்கு என்ன திதிங்க?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டால், "பௌர்ணமி நாளைக்குத்தான், சாயங்காலம் லைட்ஹவுஸுக்கு வலப்பக்கமா உதிக்கும்" என்று திசையோடு பதில் வரும். ஆண்டில் சில நாள் மட்டும் சூரிய ஒளி நேராகக் கருவறை லிங்கத்தின்மேல் விழும் சிவன் கோயில்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. எந்தக் கோயிலில் எந்த மாதம் என்பது குருக்களுக்கு அடுத்தபடியாக இவருக்குத்தான் தெரியும். அங்கே படம் எடுக்க விடமாட்டார்கள் என்பதும் தெரியும். இருந்தும் போகிறார். எதற்காக என்று கேட்டுப் பாருங்கள், லைட்டுக்காகத்தான் என்பார்.

கோயில் ஒரு பக்கம் இருக்கட்டும், பறவைக்குப் போகும்போது இன்னும் தெளிவாக மாட்டிக்கொள்கிறார். மூட்டு வலி என்பதால் வீட்டுப் பூஜையில் இவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் மூத்தவர்களை நமஸ்கரிக்க வேண்டி வந்தால், "டாக்டர் குனியக் கூடாதுன்னுட்டார்" என்று கையைக் கூப்புவதோடு நிறுத்திக்கொள்வார். அதே மனிதர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில், சேற்றில், நெஞ்சும் வயிறும் தரையில் பட, ஒரு உள்ளான் குருவிக்கு எதிரே சாஷ்டாங்கமாக விழுந்து கிடக்கிறார். குருவியின் கண்மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால்தான் பின்னணி கரைந்து போய்ப் பறவை தனித்து நிற்கும் என்பது அந்த வித்தை. வேடந்தாங்கலில் மார்கழிக் குளிரில் ஏரிக்கரையில் நின்று, நத்தைகுத்தி நாரை குஞ்சுக்கு ஊட்டும் ஒரு கணத்துக்காக மூன்று மணி நேரம் பேசாமல் இருப்பார். பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்ன தியான வகுப்பிலிருந்து, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுந்து வந்தவரும் இவர்தான். மௌனம், பொறுமை, புலனடக்கம் என்று நூல்கள் கேட்பதையெல்லாம் ஒரு நாரை இவரிடம் கேட்டு வாங்கிவிடுகிறது.

பொழுதுபோக்கைப் போய்ப் பக்தி என்று தூக்கிவைப்பானேன், சீட்டாடுகிறவர்களும்தான் ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். சரியான கேள்விதான். ஆனால் சீட்டாட்டக்காரருக்கு இழந்துபோன பொற்காலம் கிடையாது. இவருக்கு உண்டு. அதன் பெயர் ஃபிலிம். அக்ஃபா கிளிக் த்ரீ என்ற பெட்டிக் கேமராவில் வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, அதற்குமேல் திருப்ப ஒன்றுமில்லை. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பிறகு 35 எம்.எம். வந்தபோது முப்பத்தாறு ஆயிற்று. பொங்கலுக்குப் போட்ட சுருள் தீபாவளிக்குத்தான் முடியும். குழந்தையின் மொட்டையும் மாமாவின் அறுபதாம் கல்யாணமும் ஒரே கவரில் ஸ்டூடியோவிலிருந்து திரும்பி வரும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த 'இந்து' ஃபிலிமின் மணத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனபோது அந்தச் செய்தியைத் துக்கச் செய்தியாகவே நண்பர்களுக்குச் சொன்ன தலைமுறை இது. "அப்பல்லாம் ஒரு கிளிக்குக்கு முன்னாடி யோசிப்போம் சார்" என்று சொல்லிக்கொண்டே, ஒரே காலையில் மீன்கொத்தி ஒன்றை எண்ணூறு படம் எடுப்பார். பழைய யுகத்தின் தர்மத்தைப் புகழ்ந்துகொண்டு புதிய யுகத்தின் வசதிகளில் வாழ்வது எந்தச் சமயத்தாருக்கும் புதிதல்ல. உட்பிரிவுகளும் குறைவில்லை. நிக்கான்காரரும் கேனான்காரரும் ஒரே வேனில் போய் ஒரே தேரை எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் முகம் கொடுத்துப் பேசாமல் வருவதுண்டு. ஃபிளாஷ் போடுகிறவன் இரு தரப்புக்கும் புறச்சமயத்தான்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபணை வீட்டம்மாவுடையது. "சாமி வர்றப்பகூடக் கண்ணால பார்க்காம அந்தப் பொட்டிக்குள்ள பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்பது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீபாராதனை நேரத்தில் சந்நிதியில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர் தலையைத் திட்டி, திரை எப்போது விலகும் என்று எட்டி எட்டிப் பார்த்த கூட்டம், திரை விலகி மணி அடித்த அந்தக் கணமே கண்ணை இறுக மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. காணத்தான் வந்தவர்கள் காணவில்லை. வீதியுலாவிலும் அப்படித்தான், வாகனம் நெருங்க நெருங்க இமைகள் மூடுகின்றன. திறந்த கண்ணோடு நிற்பவர் இவர் ஒருவரே. ஒரு கண்ணைத்தான் திறந்திருக்கிறார் என்றாலும், அதில் அம்மனின் மூக்குத்தி எந்தப் பக்கம், போன வருடம் சார்த்திய பட்டு என்ன நிறம், ஸ்ரீபாதந்தாங்கிகளில் யாருக்குத் தோள் இறங்கியிருக்கிறது, எல்லாம் பதிந்துவிடுகிறது. தரிசனம் என்றால் பார்ப்பது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் வீட்டம்மா தோற்கிறார். சந்நிதிக்குள் கேமராவுக்கு இடமில்லை, கைப்பேசியையும் கோயிலுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இதனால் இவர் கோயிலுக்குப் போவது குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கேமராவை வாசலில் நம்பகமான பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், தூணில் சாய்ந்து, எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று பார்த்துவிட்டு வருகிறார். படமே எடுக்க முடியாத இடத்துக்கு வெளிச்சத்துக்காக ஒருவர் போய்வருகிறார் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

எடுத்ததையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்பது மகனின் கேள்வி. ஹார்ட் டிஸ்க் ஐந்து இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று நகல், அந்த நகலுக்கு இன்னொரு நகல், தம்பி வீட்டு பீரோவில் ஒன்று. வருடம், மாதம், தேதி, இடம், பறவையானால் இனம், சாமியானால் வாகனம் என்று அடுக்கு மாறாத கோப்புகள். திறந்து பார்த்தவர் எவருமில்லை, எடுத்தவர் உட்பட. மகன் இதை வீண் என்கிறான். இதே ஊரில் நோட்டு நோட்டாக ஸ்ரீராமஜெயம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதிய நோட்டை எடுத்து யாராவது வாசித்ததுண்டா? லட்சம் முறை எழுதியதில் எழுத்துப் பிழை உண்டா என்று யாராவது சரிபார்த்ததுண்டா? எழுதும்போதே பலன் முடிந்துவிடுகிறது, நோட்டு என்பது மிச்சம். மீன்கொத்தியை எண்ணூறாவது முறை எடுக்கும் விரலும் அதே வேலையைத்தான் செய்கிறது. மகனுக்கு இது புரிய இன்னும் முப்பது வருடம் இருக்கிறது.

செலவு விஷயத்தில் இவர்களுடைய பரம்பரை மிகப் பழையது. லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தபோது, 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். காகித நெகட்டிவ், மாட்டுவண்டிப் பயணம், தஞ்சாவூர் வெயில். அரசாங்கம் இவ்வளவு கேட்டதா என்றால் கேட்டிருக்காது என்றே தோன்றுகிறது. ஆளுநர் சார்ல்ஸ் டிரெவெல்யன் கணக்கைப் பார்த்தார், இது ஆடம்பரம் என்று அந்தப் பணியை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிரைப்பும் ஒரு டிரெவெல்யனும் இருக்கிறார்கள். இன்றைய டிரெவெல்யனின் முக்கியமான குற்றச்சாட்டு, ஈரப்பதத்தை ஐம்பது சதவீதத்துக்குள் வைக்கும் மின்சாரப் பெட்டியில் லென்ஸ்கள் சுகமாக உறங்க, கல்யாணக் கூறைப்புடவை சாதாரண பீரோவில் நாப்தலின் உருண்டையோடு கிடக்கிறது என்பது. சென்னைக் காற்றில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும் என்று இவர் விளக்குகிறார். பட்டில் பிடிக்காதா என்ற மறுகேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒன்று விடாமல் சேர்த்து புடவை பீரோவில் போட்டிருக்கிறார். சமாதானம் பேசிப் பார்த்த வகையில் அது சேரும்.

பரம்பரை என்றதும் ஸ்தலபுராணமும் வந்துவிடும். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்த வேளையில் திருவண்ணாமலையில் இருந்தவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். வானத்தில் ஒரு பெரிய எரிநட்சத்திரம் மெதுவாக நகர்ந்து மலையை நோக்கிப் போனதை அவர் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது 8.47 என்று பதிவு செய்திருக்கிறார். நம்மவர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பக்தி அவ்வளவு கிடையாது என்றவர்தான். கேமராவோடு இருந்த உலகப் புகழ்பெற்ற மனிதர் அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தாரே என்று குறுக்கே கேட்டால் கோபித்துக்கொள்வார். அதே மேதை வயதான காலத்தில் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பென்சிலால் வரையப் போய்விட்டார் என்ற பின்கதையை எந்தக் கூட்டத்திலும் சொல்லமாட்டார். சந்நியாசம் வாங்கியவர்களைப் பற்றி கிருகஸ்தர்கள் பேசாமலிருப்பது வழக்கம்தானே.

தினமும் காலை ஆறு மணிக்கு நூற்றிருபது பேருக்கு நாமக்கோழி படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புகிறாரே, அது தற்பெருமை இல்லையா என்றால், ஆம், தற்பெருமைதான். பிரசாதத்தை வேண்டாதவர் கையிலும் திணிக்கிற பழக்கம் எல்லாக் கோயில்களிலும் உண்டு, விட்டுவிடலாம். என்னால் விட முடியாத குற்றம் வேறு ஒன்று. கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியாரையும், மாட வீதியில் பூக்கட்டும் மூதாட்டியையும் கேட்காமல் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, முகச்சுருக்கத்தைக் கூட்டி, போட்டிக்கு அனுப்புவது. நாரையிடம் காட்டிய பணிவில் பாதியை இங்கே காட்டினால் போதும். உள்ளான் குருவி அஞ்சாமலிருக்கச் சேற்றில் கிடந்தவருக்கு, ஒரு கிழவியிடம் "எடுக்கலாமா ஆயா?" என்று கேட்க வாய் வராமல் போவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த வாரம் எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டு, உறையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படம் பூக்கடையில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும். எந்தச் சங்கத்தின் பரிசையும்விட அதுவே பெரிய பரிசு என்பேன், ஆனால் சங்கத்தில் அதற்குப் புள்ளி கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருப்பவர்கள் ஆயுத பூஜையன்று அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். முதல் நாளே கேமராக்கள் துடைக்கப்பட்டு, லென்ஸ்கள் மூடி போட்டு, ட்ரைபாட் கழுவி, மனையில் அடுக்கப்பட்டிருக்கும். கண்ணாடியில் படாமல் உடம்பில் மட்டும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை எடுக்கக் கூடாது என்பதால், பூஜையை எடுக்கக் கேமரா கிடையாது. ஊரிலேயே விலையுயர்ந்த கருவிகள் வரிசையாகப் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்க, பக்தி அவ்வளவு கிடையாத மனிதர் பேத்தியின் கைப்பேசியைக் கடன் வாங்கி அவற்றைப் படம் எடுப்பார். ஐந்து ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் தனித்தனியே குங்குமம் உண்டு. "எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுடுங்கப்பா, பத்திரமா இருக்கும்" என்று அமெரிக்காவிலிருந்து மகள் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் மசியவில்லை. மாதச் சந்தா, பாஸ்வேர்டு, நெட் வேகம் என்று ஏதேதோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டார்: "அதுக்கு எங்கேம்மா பொட்டு வைக்கிறது?"