கடைசி ஓவரும் ஏற்காடு எக்ஸ்பிரஸும்: மல்லசமுத்திரத்து மஞ்சள் சட்டையார் குறித்து ஓர் ஆய்வு

சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடுவதைக் காண மல்லசமுத்திரத்திலிருந்து செல்வோரின் வழக்கங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பஸ்ஸிலும் ரயிலிலும் போவோர் மட்டுமே ஆய்வெல்லைக்குள் வருவர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி முதலாளிகள் காரில் போய், ஓட்டலில் தங்கி வருகிறார்கள். அவர்களிடம் ஆராய ஒன்றுமில்லை.

இவ்வழக்கங்கள் கிரிக்கெட் பற்றால் விளைந்தன என்பர் ஒரு சாரார். அற்றன்று, தூரமும் வண்டி நேரமுமே இவற்றை ஈன்றன. என்னை? வாழப்பாடி அருகே 2020இல் மைதானம் திறந்து, டி.என்.பி.எல். ஆட்டங்களும் நடந்தன. பார்க்கப் போனவர்கள் இரவே வீடு திரும்பி, சோறு தின்று படுத்தார்கள். மரபு எதுவும் பிறக்கவில்லை.

முதற்சடங்கு முறுக்கு. சேலம் போகும் வழியில் அட்டையாம்பட்டிக் கைமுறுக்கு வாங்கியாக வேண்டும். மைதானத்துக்குள் வெளித் தின்பண்டம் விடமாட்டார்கள் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். ஆகவே வாலாஜா சாலை வரிசையில் நின்றபடியே, சோதனை வாயிலுக்கு முன், பொட்டலம் முழுவதும் தீர்க்கப்படுகிறது. முன்னும் பின்னும் நிற்கும் அயலாருக்கும் பங்குண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள் மைதானத்து வண்டி நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டி, கறி சுட்டுத் தின்பார்கள். அவர்களுக்கு இடமுண்டு, நேரமுண்டு. போலீஸ்காரர் விரட்ட விரட்ட முறுக்கு மெல்லும் வித்தை கிடையாது. தட்டுவடை செட் இப்பயணத்துக்கு ஆகாது. சேலத்தைத் தாண்டுமுன் ஊறிவிடும்.

அடுத்தது விசுவாசச் சிக்கல். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிப் பந்துவீச்சாளர் நடராஜன் ஹைதராபாத் அணியில் இருந்த காலத்தில், நம்மவர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டே அவர் சாய்த்த சென்னை விக்கெட்டுக்கும் கை தட்டினர். இதைக் குற்றமாகக் கொள்வது ஊர்ப்பாசம் அறியாதார் கூற்று.

தலையாய சடங்கு இனித்தான் வருகிறது. ஆட்டம் இரவு 7:30க்குத் தொடங்கிப் பதினொன்றைத் தாண்டி முடியும். ஊர் திரும்ப வேண்டிய ஏற்காடு எக்ஸ்பிரஸோ பதினொரு மணி வாக்கில் சென்ட்ரலை விட்டுக் கிளம்பிவிடும். இங்கேதான் ரசிகர் குலம் எழுவார், இருப்பார் என இரு கலையாகப் பிரிகிறது.

"ஏனுங் மாமா, கெளம்பலாமுங்களா? வண்டி போயிருமுங்."

"செத்த இருங் மாப்ள, தல இன்னும் எறங்கலீங்."

2025 மார்ச் 28 அன்று இருப்பார் கலைக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். 16 பந்தில் 30 ரன். சென்னை 50 ரன்னில் தோற்றது. 2008க்குப் பின் பெங்களூரு சேப்பாக்கத்தில் சென்னையை வென்றது அன்றுதான். ஆட்டமும் போயிற்று, வண்டியும் போயிற்று. "ரெண்டு சிக்ஸர் பாத்தமில்லீங்" என்பதே அக்கலையார் தரும் விளக்கம். மறுக்க நம்மிடம் சான்றில்லை.

மெட்ரோ இவர்களைக் கைவிடுவதில்லை. ஆட்ட நாளில் நள்ளிரவு தாண்டியும் ஓடும். அரசினர் தோட்டம் நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். அந்தப் பருவத்தில் ஆட்டச் சீட்டைக் காட்டினால் கட்டணமும் இல்லை. போய்விட்ட ரயிலின் நடைமேடைக்கு இவ்வளவு விரைவாகவும் இலவசமாகவும் ஆளைச் சேர்க்கும் நகரம் வேறுண்டோ! பிறகு கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிக்கலாம். அல்லது துண்டை விரித்துப் படுத்து, காலை ஆறு மணிக்குமேல் கோவை எக்ஸ்பிரஸில் ஏறலாம்.

எனவே தென்னக ரயில்வே, ஆட்ட நாள்களில் மட்டுமாவது ஏற்காடு எக்ஸ்பிரஸை முக்கால் மணி நேரம் தாமதித்து எடுக்க வேண்டும். எடுத்தால் இம்மரபு அழிந்துபோகுமே என்று ஆய்வாளர்கள் அஞ்சலாம். அழியட்டும். திங்கட்கிழமை தறி ஓட்ட ஆள் வேண்டும்.