மலையேறும் திட்டநாதர்

அலுவலகத்துக்கு ஒரு திட்டநாதர் இருப்பார். முதல் மாடியில் இருக்கும் கேன்டீனுக்கே லிஃப்டில் போகிறவர். ஆனால் வாட்ஸ்அப்பில் அவர் டென்சிங்.

இந்த முறை அவர் கண் வைத்திருப்பது மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்கா. ‘மிஷன் ஆனைமுடி’ என்று குரூப் தொடங்கி, முகப்பில் எவரெஸ்ட் படத்தை ஒட்டுவார். “2,695 மீட்டர்! இதுக்கு மேல உசரம் தென்னிந்தியாவுலயே கிடையாது. ஏறுறோம்!” கட்டைவிரல்கள் குவியும். பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர், தேசியப் பூங்காவானது 1978-இல் என்று நள்ளிரவிலும் தகவல் வந்துகொண்டே இருக்கும்.

பிறகு எக்செல். தலைக்கு இரண்டு ஊன்றுகோல், 60 லிட்டர் ரக்சாக், அட்டைக்கடிக்கு உப்பு, உப்புக்கு மசியாத அட்டைக்கு மூக்குப்பொடி. புளியோதரையா எலுமிச்சை சாதமா என்று வாக்கெடுப்பு நடக்கும். ஒருவர் “பட்ஜெட் எவ்ளோ?” என்று கேட்டு, பதில் வந்ததும் குரூப்பை விட்டே வெளியேறுவார்.

தீபாவளி கழித்து என்றது பொங்கல் கழித்து ஆகி, கடைசியில் பிப்ரவரியில் வந்து நிற்கும். அதுவரை வாயே திறக்காத கணக்குப் பிரிவு மேடம் அப்போதுதான் எழுதுவார்: “சார், அது வரையாடு குட்டி போடுற சமயம். பார்க்கை மூடிடுவாங்க.”

“ஆட்டுக்குப் பிரசவம்னா நமக்கென்ன மேடம்? ஃபாரஸ்ட்ல நம்ம ஆள் இருக்கார்.”

நம்ம ஆள் போனை எடுப்பதில்லை.

மேடம் ஒரு படம் போடுவார். போன மாதமே குடும்பத்தோடு போய் வந்துவிட்டாராம். ராஜமலை வரை வனத்துறை பஸ். அதற்கு மேல் தார் ரோட்டில் மாமியார் ரப்பர் செருப்போடு நடந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், புல்லை அசைபோட்டபடி, ஒரு வரையாடு. கீழே ஒரு வரி: “ஆனைமுடி உச்சிக்கு டூரிஸ்ட்டை விடறதில்லையாம் சார்.”

திட்டநாதர் அசரமாட்டார். “பிளான் இல்லாமப் போனா இப்படித்தான். குறிஞ்சியை மிஸ் பண்ணிட்டீங்களே! 12 வருஷத்துக்கு ஒருதரம் பூக்கும். 2018-ல பூத்தது, அடுத்து 2030.”

அடுத்த நிமிடமே ‘மிஷன் குறிஞ்சி 2030’ பிறந்துவிடும். “எல்லாரும் இப்பவே லீவு சொல்லி வச்சிடுங்க!”

அவர் பணி ஓய்வு பெறுவது 2029-இல். எக்செல்லில் அதற்குக் கட்டம் இல்லை.