ரெண்டே முக்கால் தரம்

ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மேஜைமேல் ஒரு பூசணிக்காய். அதன்மேல் முந்நூற்று இருபது ரூபாய். கேட்டவர் பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கேட்காதவர்கள் எல்லாம் அந்தப் பூசணி ஒழிந்தால் போதும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த ஏலத்திலும் அடுத்து வருவது மூணு தரம். எங்கள் கோயில் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடும் அண்ணன் நிதானமாகத் தண்ணீர் குடித்து, துண்டால் வாயைத் துடைத்து, மைக்கை ரெண்டு தட்டுத் தட்டி, "ரெண்டே... கால் தரம்" என்பார்.

எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நின்றால் குழாய் ஸ்பீக்கர் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தக் கோயில். பனி இறங்கிய நாளில் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல் கேட்கும். அதனால் யாரையும் குறிப்பிட்டுச் சொன்னதாக ஆகாது.

கால், அரை, முக்கால் முடிந்தால் மூன்று வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஊருக்குப் புதுசு. முக்காலுக்கு மேலே ஒரு அரைக்கால் இருக்கிறது. அதற்கும் மேலே வீசம் இருக்கிறது. பழைய எண்சுவடிக்காரர்கள் ஒன்றை 320 கூறு போட்டு, அதில் ஒரு கூறுக்கு முந்திரி என்று பெயரும் வைத்துவிட்டுப் போனது எதற்கென்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. அண்ணன் மாதிரி ஆட்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி வர 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை உண்டு. வாந்தி எடுக்கும் பிள்ளையிடம்கூட, "இன்னும் நாலுதான் கண்ணு" என்று ஆறுதல் சொல்லலாம். அண்ணனுடைய ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் பலகை கிடையாது.

மற்ற நாட்களில் பார்த்தால் இவரா அவர் என்று இருக்கும். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மப்ளர், குல்லா, சட்டைப்பையில் ரெண்டு பேனா. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவர் பேசுவது நமக்குக் கேட்காது. வீட்டில் அக்காதான் பேசுவார்கள். இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் பந்தலுக்குக் கீழே மைக் கைக்கு வந்ததும் ஆள் மாறிவிடுவார்.

முதலில் சரக்கின் பூர்வீகம் வரும். ஒரு டஜன் கமலா ஆரஞ்சைத் தூக்கிப் பிடித்தால், "காக்பர்ன் துரை காலத்து மரம்ங்க" என்று ஆரம்பிப்பார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது உண்மை. அதற்காக அண்ணன் கையில் எடுக்கிற ஆரஞ்சு, பேரிக்காய், மிளகு, சௌசௌ எல்லாவற்றுக்கும் அந்தத் துரையே தகப்பன் ஆகிவிட முடியுமா? ஒரு முறை கேக்குக்கும் துரையை இழுத்தார். கேக் சுட்ட அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முறைத்த முறைப்பில் துரை இறங்கிக்கொண்டார்.

பூர்வீகம் முடிந்ததும் வேட்டை. அண்ணனுக்குக் கண் பின்மண்டையிலும் உண்டு. குளிருக்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிடக் கையைத் தூக்கினால் ஐம்பது ரூபாய் ஏறிவிடும். பந்தலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மச்சானுக்கு, 'சாப்பாடு ரெடியா' என்று ஜாடை காட்டினால் நூறு. தும்மலுக்கு என்ன கணக்கென்று இன்னும் முடிவாகவில்லை. அது தும்முகிறவரின் வசதியைப் பொறுத்தது. "நீலச் சட்டை தம்பி நானூறு!" என்று அறிவித்துவிட்டால் நீலச் சட்டை போட்ட அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையையும் ஏலக் கேள்வியாக எடுத்துக்கொள்ள அண்ணனால் முடியும்.

ஆனால் இதெல்லாம் வெறும் சில்லறை. அண்ணனின் முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமானால் முட்டை ஏலத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை. எவர்சில்வர் கிண்ணத்தில் கொஞ்சம் அரிசி பரப்பி, அதன்மேல் நிறுத்தி வைத்திருக்கும். யாரோ ஒரு பாட்டி கொண்டுவந்தது. பத்து ரூபாயில் ஆரம்பிக்கும். அண்ணன் அதை ரெண்டு விரலால் தூக்கி வெயிலுக்குக் காட்டுவார். வெயில் இல்லாவிட்டால் டியூப் லைட்டுக்குக் காட்டுவார். முட்டை ஐம்பதாகும், நூறாகும், நூற்று எழுபத்தைந்தில் நிற்கும். அப்போது தொடங்கும் அந்தப் பயணம். ரெண்டு தரம். ரெண்டே கால். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த குடும்பம் இருநூற்றைம்பது என்று கேட்கும். மறுபடியும் ஒரு தரத்திலிருந்து. ரெண்டரை வரும்போது ஆயரம்மாவிடம் திரும்பி, "நீங்க ஒண்ணும் கேக்கலீங்களே" என்பார். ஆயர் தரையைப் பார்ப்பார். முந்நூறு. இப்படியே ஏறி ஐநூறு ரூபாய்க்குப் பெங்களூர்க் குடும்பத்துக்கு முட்டை முடிந்தது என்று வையுங்கள். கைதட்டல். முடிந்ததா? அந்தக் குடும்பத்துப் பெரியவர் எழுந்து, பெருந்தன்மையாக, "முட்டை கோயிலுக்கே இருக்கட்டும்ங்க" என்று சொல்லிவிடுவார்.

அண்ணன் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். முட்டை மறுபடியும் கிண்ணத்துக்கு வரும். மறுபடியும் பத்து ரூபாய். இப்படி வாங்கியவர் திருப்பித் தருவதும், தந்ததை மறுபடி ஏலம் விடுவதும் நம் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் உள்ள பழக்கம்தான். கோயிலுக்கு ரெண்டு பணம். ஆனால் திருப்பித் தருவது ஒருவரோடு நிற்பதில்லை. ஒருவர் தந்துவிட்டால் அடுத்தவர் வைத்துக்கொள்ள முடியுமா? மனைவிமார் பார்க்கிறார்கள். முட்டை அன்றைக்கு எத்தனை வீட்டுக்குச் சொந்தமாகித் திரும்புகிறது என்பதைப் பொருளாளர் நீள நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். கடைசியில் உல்லாசப் பயணி ஒருவர், ஏரிக்கரையில் பஜ்ஜி தின்றுவிட்டு என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க வந்தவர், நல்ல விலை சொல்லி வாங்கி, நம் வழக்கம் தெரியாமல் முட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். கூட்டம் முழுவதும் அவரை மனதார வாழ்த்தியது. அண்ணன் மட்டும் பறிகொடுத்தவராக நின்றார்.

நடுநடுவே அண்ணன் பழமொழியும் எடுத்துவிடுவார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர், 1882இல் காலமானது இதே ஏற்காட்டில்தான். அண்ணன் ஏலம் விடுவதைக் கேட்டிருந்தால் அவர் ஊர் ஊராக அலைந்திருக்க வேண்டாம், பந்தலில் உட்கார்ந்தே பாதிப் புத்தகத்தை முடித்திருக்கலாம். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபுட். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்த நாட்டில் கற்கால மனிதன் இருந்ததைக் காட்டிய அதே ஃபுட். அவருக்கு ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. நல்ல வேளை, அந்தக் கோடரி அண்ணன் மேஜைக்கு வரவில்லை. வந்திருந்தால் இன்னும் ரெண்டே முக்காலிலேயே நின்றிருக்கும், மியூசியத்துக்குப் போயிருக்காது.

இந்தப் பண்டிகைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற பாதிரியார் 1843இல் தன் சபையாரைக் கூட்டி, விளைச்சலுக்காக நன்றி ஆராதனை நடத்தினார். இன்றைய அறுப்பின் பண்டிகைக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். முதற்பலனைக் கொண்டுவந்து கர்த்தருக்குப் படைப்பது அதற்கும் எத்தனையோ காலம் முந்தியது, லேவியராகமத்திலேயே இருக்கிறது. படைத்த கீரை வாடுவதற்குள் காசாக வேண்டுமே, அதற்குத்தான் ஏலம். வாடுவதற்குள் என்பதுதான் இதில் முக்கியம். அண்ணன் கையில் எடுத்தபோது விறைத்து நின்ற புதினாக் கட்டு, முடியும்போது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சேவலாவது பரவாயில்லை, அவ்வப்போது தன் கருத்தைச் சொல்லும்.

இந்த மனிதரை வெறுத்துவிட முடிந்தால் சௌகரியமாக இருக்கும். முடியாது. முந்தின நாள் சனிக்கிழமை யாரிடமோ ஜீப்பைக் கேட்டு வாங்கி, நாகலூர், மஞ்சக்குட்டை என்று சபையார் இருக்கும் மூலைக்கெல்லாம் போய்க் காணிக்கைச் சரக்கை ஏற்றி வருகிறவர் அவர்தான். மலைவாழைத் தாரை முட்டுக் கொடுத்துக் கட்டுவது, மிளகைத் தாளில் பொட்டலம் போடுவது, எந்த மூட்டை யார் வீட்டுது என்று பேனாவால் ஒட்டுச் சீட்டு எழுதுவது எல்லாம் அவர்தான். மறுநாள் மேஜையில் அடுக்கும்போது ஒரு காரியம் செய்வார், கவனித்தால்தான் தெரியும். பெரிய எஸ்டேட்டிலிருந்து வந்த காபி மூட்டையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். ரெண்டு கட்டுக் கீரை, நாலு எலுமிச்சம்பழம், அந்த ஒற்றை முட்டை, இவைதான் முதலில் வரும். ஜனங்களின் பை நிறைந்திருக்கும், மனசும் இளகியிருக்கும் நேரம் அது. கீரைக் கட்டு இருபது ரூபாய்க்குப் போய்விட்டால் கொண்டுவந்த பாட்டி தலையைக் குனிந்துகொள்வாள். அது இருநூறு தொடும்வரை அண்ணன் மூணு தரம் சொல்லமாட்டார். பாட்டி தன் கீரைக்கு இருநூறு என்று கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் அவர் முந்திரி வரை போனால்கூடப் போகட்டும் என்றுதான் இருக்கும்.

சரி. அதற்காக மற்றதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் இல்லை. பாதிப் பேர் காபித் தோட்டத்தில் பழம் பறித்து, அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்கள். அவர்களில் ஒருவர், பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, மைக்கில் தன் பெயரைக் கேட்கிறார். "நம்ம தம்பி ஒண்ணும் கேக்காம இருக்காரே, முன்னூறு போட்டுக்கலாமா தம்பி?" எப்படி இல்லை என்பார்? தலையாட்டுகிறார். மூணு தரம் இவருக்கு மட்டும் உடனே வந்துவிடும். கையில் பணம் கிடையாது. நீள நோட்டில் பாக்கி. அந்தப் பாக்கி அங்கேயே இருந்தால் தேவலை. அடுத்த வருஷம் ஏலம் தொடங்குமுன் அண்ணன் அந்த நோட்டை விரித்து, போன வருஷத்து ஏல பாக்கி என்று பெயர் பெயராக, தொகை தொகையாக, அதே மைக்கில் வாசிக்கிறார். ஒண்டிக்கடை வரை கேட்கிறது. ஐயாயிரம் சொல்லிவிட்டுத் தராத பெரிய கைகளின் பெயர் அதில் வருவதில்லை. அவர்களுக்கு ஃபோன் போடுவார்களாம். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன தடவை அப்படிப் பெயர் வாசிக்கப்பட்ட ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிடாமல் இறங்கிப் போனார். அன்பின் விருந்து என்றுதான் அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர்.

பிள்ளைகள் என்றதும் நோட்டீஸ் ஞாபகம் வருகிறது. "குடும்பமாக வாருங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதற்குக் கீழே முதல் வரி: சிறுவர் விளையாட்டுகள். சாக்கு ஓட்டம், லெமன் அண்ட் ஸ்பூன், மியூசிகல் சேர், லக்கி டிப். ரெண்டாவது வரிதான் ஏலம். நடக்கும்போது ரெண்டாவது வரி முதல் வரியைத் தின்றுவிடும். ஸ்பூனை வாயில் கவ்விப் பழகிக்கொண்டு நின்ற பெண் குழந்தை, பூசணிக்காய் முடிவதற்குள் அம்மா மடியில் தூங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் உருண்டு ஆயர் காலடிக்குப் போனது. அதையும் எடுத்து ஏலம் போட்டார் அண்ணன், நாற்பது ரூபாய்க்குப் போனது. சாக்குகள் காபிக்கு வேண்டும் என்று திரும்பிப் போயின. மியூசிகல் சேருக்கு வைத்திருந்த நாற்காலிகளில் ஏலம் கேட்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். லக்கி டிப் பெட்டியைத் திறக்கும்போது பிரியாணி ஆறிவிட்டது, வெளியூர் போகிறவர்கள் கடைசி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் இதுதான். ஐந்து வயதில் சாக்கு ஓட்டத்துக்குப் பேர் கொடுத்த பையன்கள் இப்போது மீசையோடு பிரியாணி பரிமாறுகிறார்கள். ஓட்டம் மட்டும் இன்னும் நடந்தபாடில்லை.

கமிட்டியில் சொல்லிப் பார்த்தாயிற்று. "கலெக்‌ஷன் நல்லா வருதேங்க" என்கிறார்கள். வருகிறது, மறுக்கவில்லை. அதனால் உங்களிடமே கேட்கிறேன் அண்ணே. இந்த வருஷமும் மைக் உங்களுடையதுதான், யாரும் பிடுங்கப் போவதில்லை. பாட்டியின் கீரைக்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் விளையாட்டை மட்டும் ஏலத்துக்கு முந்தி நடத்திவிடுங்கள். பாக்கி இருந்தால் நோட்டோடு வீட்டுக்கு வந்து கேளுங்கள், மைக்கில் வேண்டாம். வந்தால் காபி தருகிறோம்.