கண்டித் துறைமுகம்

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வருஷா வருஷம் கப்பல் வருகிறது. நம்பாதவர்கள் உல்லாசக் கப்பல் கம்பனிகளின் பளபளப்பான பயணப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். துறைமுகத்தின் பெயர் கொழும்பு என்றிருக்கும். படத்தில் கண்டித் தலதா மாளிகையும் வாவியும் இருக்கும். இதில் புதுமை எதுவும் இல்லை. வார்னமுண்டேயில் இறக்கிவிட்டுப் பெர்லின் என்பார்கள். சிவிட்டாவெக்கியாவில் இறக்கிவிட்டு ரோம் என்பார்கள். விற்கிற பெயர் உள்ள ஊருக்குக் கடல் வேறு எதற்கு?

கப்பல் விடியற்காலையில் கொழும்பில் கட்டும். பொழுது சாய எல்லாரும் திரும்பி ஏறிவிட வேண்டும். கம்பனி விற்ற சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்து நிற்கும். சொந்தமாக வான் பிடித்துப் போனவர் பிந்தினால் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் போய்ச் சேரட்டும் என்று கயிற்றை அவிழ்த்துவிடும். இந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் 115 கிலோமீட்டர் ஏறி, 115 கிலோமீட்டர் இறங்க வேண்டும். நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை, மாவனல்லை, கடுகண்ணாவை என்று ஒவ்வொரு சந்தியிலும் பஸ் நின்று நின்று மூச்சுவிடும். போக மூன்றரை, வர மூன்றரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பின்னவலை யானைக் குளியல், ஒரு வாசனைத் திரவியத் தோட்டம், தேயிலைத் தொழிற்சாலை, கொமிஷன் தருகிற மாணிக்கக்கல் கடை. மிச்சம் இருப்பதில்தான் கண்டி. அரைக் காற்சட்டைக்காரர்களின் இடுப்பில் சாரத்தைச் சுற்றி, செருப்பைக் கழற்ற வைத்து, மாளிகையைச் சுற்றிக் காட்டி, வாவியோரமாக ஒரு படம் எடுக்கவிட்டு, மறுபடி பஸ்.

அதிவேகப் பாதை வந்தால் தீர்ந்துவிடும் என்கிறார்கள். வந்துதான் இருக்கிறது. மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான துண்டை 2022 ஜனவரியில் திறந்தார்கள். அது கொழும்பில் தொடங்கவும் இல்லை, கண்டியில் முடியவும் இல்லை. தலையும் வாலும் இல்லாத நடுத்துண்டத்துக்கு நாடா வெட்டிய பிறகு, தலைப்பக்கமாகிய கடவத்தை–மீரிகமத் துண்டு கடன் நெருக்கடியில் படுத்துக் கிடந்தது. போகட்டும். கண்டிக்குப் போய்ச் சேர முடியாதவர்களுக்காகக் கண்டியே கீழே இறங்கி வருகிறது. கப்பல் கட்டியதும் கொழும்புத் துறைமுகத்தில் கண்டிய மேளமும் நடனமும் நடக்கும். பக்கத்தில் மாலையோடு அதிகாரி ஒருவர் வியர்த்துக்கொண்டு நிற்பார்.

2022 நவம்பர் கடைசியில் மைன் ஷிஃப் 5 வந்தபோது இப்படித்தான். கொரோனாவுக்குப் பிறகு வந்த முதல் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்று, ஏறத்தாழ 2,000 பயணிகள். அந்த நாட்களில் நாங்கள் கியூஆர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பெற்றோலை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தோம். கப்பலைக் கண்டதும் நாடு மீண்டுவிட்டதாக அறிக்கைகள் வந்தன. தொட்டுவிட்டுப் போகிற கப்பலைக் காட்டி இரண்டேகால் கோடிப் பேரின் பசி தீர்ந்ததாகச் சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

கப்பல் கம்பனிக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் கணக்குத் தெரியும். எந்தக் கப்பல் எந்தக் கடலுக்கு என்று அவர்கள் பார்க்கிற பொருத்தத்தை எங்கள் கல்யாணத் தரகர்கள்கூடப் பார்ப்பதில்லை. துறைமுகத்தின் ஆழம், பாலத்தின் உயரம், கப்பலின் நீளம், இரவோடிரவாக ஓடிக் கடக்கக்கூடிய தூரம், காற்றுக்காலம், பயணியின் வயது, அவர் கையில் உள்ள விடுமுறை நாட்கள், கரையில் கிடைக்கிற பஸ்களின் எண்ணிக்கை எல்லாம் பார்ப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரைப்பக்கம் அநேகமாகத் தலைகாட்ட மாட்டார்கள்; நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வருவார்கள். ஐரோப்பாவில் கோடையை முடித்த கப்பல் குளிர்காலத்துக்கு ஆசியா நோக்கி இடம்பெயரும்போது வழியில் எங்களைத் தொட்டுப் போகும். 2023 முடிவில் செங்கடலில் ஏவுகணை பறக்கத் தொடங்கியதும் பல கம்பனிகள் அந்த வழியையே கைவிட்டன. 248,663 மொத்தத் தொன் கொள்ளளவுள்ள ஐக்கன் ஒஃப் த சீஸ் இந்தப் பக்கம் வரவே வராது. 7,600 பேரை ஏற்றக்கூடிய அந்தக் கப்பலில் எல்லாரும் கண்டி பார்க்க ஆசைப்பட்டால் 170 பஸ்கள் வேண்டும். கடுகண்ணாவையில் முதல் பஸ் திரும்பும்போது கடைசி பஸ் எங்கே நிற்கும் என்பதை இந்த வீதியில் ஒருதரம் வந்தவர்கள் அறிவார்கள். அந்தக் கப்பல் மயாமியில் ஏற்றி, கரீபியனைச் சுற்றி, கம்பனியின் சொந்தத் தீவில் இறக்கி, மறுபடி மயாமியிலேயே விடும். ஊர் பார்க்கிறவர்களுக்கு ஒரு கப்பல், கப்பலையே பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கப்பல்.

எம்பிரஸ் என்ற கப்பலின் சாதகத்தைப் பாருங்கள். 1990-இல் பஹாமாசுக்கு மூன்று நான்கு இரவுப் பயணம் போவதற்கென்றே கட்டப்பட்டது. பெரிய கப்பல்கள் வந்ததும் சின்னதாகிப்போனது. ஹவானாத் துறைமுகம் சிறியது என்பதால் 2017-இல் கியூபாவுக்கு அனுப்பினார்கள், பொருந்தியது. 2019-இல் வாஷிங்டன் கியூபாப் பயணத்தை நிறுத்தியதும் வேலை போயிற்று. 2020-இல் விற்கப்பட்டு, கோர்டீலியா என்ற இந்தியக் கம்பனியின் கைக்கு வந்து, 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று எங்கள் தீவைச் சுற்றத் தொடங்கியது. முப்பத்து மூன்று வயதில் புது மாப்பிள்ளை. ஆனாலும் பொருத்தம் சரி: குறுகிய பயணம், நடுத்தரக் கப்பல், முதன்முறை கப்பலேறுகிற பயணி.

இப்போது இதே கடலில் அரசாங்கங்கள் பார்த்த பொருத்தத்தைச் சொல்கிறேன். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பலை விட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும். அவ்வளவு பேர் ஏறவில்லை; அந்த வருஷமே நவம்பரில் நின்றது. பெரிய கப்பல் சரிவரவில்லை என்று பன்னிரண்டு வருஷம் யோசித்து, 2023 ஒக்டோபர் 14-இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பலை விட்டார்கள். 150 பேர் ஏறக்கூடிய சின்னக் கப்பல், லட்சத்தீவுக் கடலில் ஓடிக்கொண்டிருந்தது. பிரதமர் மோடி காணொளியில் தொடங்கிவைத்தார். ஒரு வாரத்துக்குள் சேவை நின்றது. காரணம், வடகிழக்குப் பருவமழை வருகிறதாம். ஐப்பசியில் அடைமழை என்பது எங்கள் வீட்டுக் கோழிக்கும் தெரியும். இரண்டு அரசாங்கங்களின் கப்பல் துறைகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பத்து மாதம் கழித்து, 2024 ஓகஸ்டில், சிவகங்கை என்ற வேறொரு கப்பல் வந்துதான் சேவை மறுபடி ஓடியது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே விடுவோம் என்ற பேச்சு அடிக்கடி நடக்கிறது, கப்பல் நடக்கவில்லை.

ஆனால் அரசாங்கங்களுக்குக் கப்பல் விடவே தெரியாது என்று சொல்வது அநியாயம். ஒருமுறை மிகச் சரியாக விட்டார்கள். கண்டிக்காரர்களுக்கு அது மறக்காது.

1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 9 லட்சத்து 75 ஆயிரம் பேருக்குப் பயணத் திட்டம் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம். பிறகு பார்த்தார்கள்: 1974-இல் இந்தியாவை ஆண்ட அம்மாவும் இலங்கையை ஆண்ட அம்மாவும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று, கொழுந்து மடுவத்தில் தராசு பிடிக்கிற மாதிரி சரிபாதியாக நிறுத்துப் பிரித்துக்கொண்டார்கள். எந்தப் பயணியிடமும் சன்னலோர இருக்கை வேண்டுமா என்று கேட்கவில்லை. பயணம் வேண்டுமா என்றே கேட்கவில்லை.

ஏற்பாடு எவ்வளவு கச்சிதம் பாருங்கள். பாஸ்போர்ட் கொடுக்கக் கண்டியிலேயே இந்திய உதவித் தூதரகம். கண்டி ஸ்டேஷனில் கோச்சி. அந்தக் கோச்சியை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஒரே லயத்து வரிசைவீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தங்கச்சிக்கு இலங்கை. பெட்டிக்குள் இருப்பவர் வெளியில் நிற்பவரின் கையை விடாமல் பிடித்திருக்க, கோச்சி நகரும். பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கே இராமானுஜம் கப்பல் தயார். எண்பதுகளின் தொடக்கம் வரைக்கும் அது ஓடியது. ஆள் போதாது, எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று யாரும் சேவையை மூடவில்லை. போனவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இறங்கி, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் மறுபடியும் கூடையைக் கட்டினார்கள். தேயிலையிலிருந்து தேயிலைக்குப் பயணம். இந்தக் கடலில் தமிழ்ச் சனங்களுக்காகத் தவறாமல் ஓடிய கப்பல், திரும்பி வர அனுமதி இல்லாதவர்களை ஏற்றிய கப்பல்தான்.

இவர்களின் முன்னோர் வந்த வழியும் இப்படியே கச்சிதம்தான். கோப்பிக் காலத்தில் வள்ளங்களில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடை. கொலராவும் காய்ச்சலும் தின்றது போக மிச்சம் வந்தவர்கள் கண்டிச் சீமையைக் கோப்பித் தோட்டமாக்கினார்கள். கோப்பியை ஏற்றி இறக்க 1867-இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதை வந்தது; அதே வருஷம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை வந்ததும் ஆள் இறக்குவது சுளுவாயிற்று. மண்டபம் முகாமில் அடைத்து, மருந்தடித்து, கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கட்டுவார்கள். தகரத்தில் தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் இருக்கும். வழியில் எந்த அதிகாரியும் பெயர் கேட்கத் தேவையில்லை. தகரத்தைப் பார்த்தால் போதும், சரக்கு எந்தத் தோட்டத்துக்கு என்று தெரிந்துவிடும். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், பிறகு ஆளின் கடனாக இறங்கும்.

இன்றைக்குக் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களின் நெஞ்சிலும் ஒரு வட்ட ஒட்டுத்தாள் இருக்கும். பஸ் இலக்கம். கழுத்துப் பட்டியில் கப்பலின் அட்டை. வழிகாட்டி இலக்கப் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடப்பார். அந்த வெள்ளைக்காரப் பாட்டி தன் ஒட்டுத்தாளை இரவு படுக்கும்போது கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். பிரஜாவுரிமை கொடுத்துத் தகரக்காரர்களின் இலக்கத்தைக் கிழிக்க இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு 2003 வரை ஆனது.

இனி, பேருந்தின் கண்ணாடி வழியே தெரிகிற காட்சிக்கு வருவோம். தேயிலைச் சரிவு, பச்சை, நடுவே சிவப்புச் சேலையில் கூடையோடு ஒரு பெண். சில இடங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கே சேலை கட்டி, கூடையை முதுகில் மாட்டிப் படம் எடுக்க வைக்கிறார்கள். உண்மையான மலையில் சிவப்புச் சேலை கிடையாது. இடுப்பில் படங்கு, மழைக்கு ஒரு பொலித்தீன், காலில் அட்டைக்கடி, விரல் நுனியில் தேயிலைக் கறை ஏறிக் கறுத்த வெடிப்பு. அந்திக்கு நிறுக்கும்போது கேட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். 2021-இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்குள் எத்தனை வருஷப் போராட்டம், எத்தனை கமரா முன் எத்தனை தலைவர்கள்! 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வர்த்தமானி வந்தது. கப்பலில் விற்கிற கண்டிச் சுற்றுலா ஒன்று நூறு டொலரைத் தாண்டுவது சாதாரணம். படத்தில் சிரிக்கிற அந்தப் பெண் அந்தச் சம்பளத்தில் அந்தப் பஸ்ஸில் ஒரு இருக்கை வாங்க இருபது முழுப்பேருக்கு மேல், அதாவது இருபது நாளுக்கு மேல், போட வேண்டியிருந்தது. அவள் எதற்கு வாங்கப்போகிறாள்? அவள்தானே காட்சி.

எம்பிரஸ் வந்த அதே 2023-இல், ஜூலை முடிவில், மலையகத்தின் இருநூறு வருஷத்தை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடை தொடங்கியது. முன்னோர் வந்த வழியே வெயிலில் நடந்து, ஓகஸ்ட் 12-இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். காணியும் வீடும் சமவுரிமையும் கேட்டார்கள். அவர்களை வரவேற்கக் கண்டிய மேளத்தை எந்த அமைச்சும் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. டொலர் இல்லாத கால்கள்.

சுற்றுலாத்துறையார் இதில் வருமானம் பார்க்கத் தவறிவிட்டார்கள். புதுப்புது அனுபவம் தேடுகிறார்களே, என் யோசனையை இலவசமாகவே தருகிறேன். பயணத்தின் பெயர்: பாரம்பரியப் பாதை. வள்ளத்தில் தலைமன்னார் வருகை. முகாமில் மூன்று இரவு, மருந்துக் குளியல் உட்பட. மாத்தளை வரை வழிகாட்டியுடன் நடை. காய்ச்சல் காண்போரை வழியிலேயே விட்டுச்செல்ல வசதி உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் குடும்பத்தோடு தங்கல், கூரைத்தகரம் அசல். விடிய ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், அந்திக்கு அரைப்பேர். ஞாபகார்த்தமாகக் கழுத்துக்கு ஒரு தகரத் துண்டு, கட்டணம் அவரவர் கடனில் சேர்க்கப்படும். கடைசி நாள் கண்டி ஸ்டேஷனில் குடும்பம் பிரிப்பு நிகழ்ச்சி, ஒப்பாரி நேரடியாக. அங்கிருந்து தலைமன்னார் ஊடாகக் கப்பல். திரும்பும் டிக்கட் விற்கப்படமாட்டாது.