சைக்கிள் டயரின் ஆயுள்: வரலாற்றியல், காற்றியல், யாப்பியல் நோக்கில் ஓர் ஆய்வு

தினமும் வேலைக்குப் போய்வரும் சைக்கிளின் டயருக்கு வாழ்க்கைக் காலம் நான்கு என்ப: முடிக்காலம், வரிக்காலம், வழுக்கைக்காலம், நூற்காலம். புது டயரின் மேல் ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும் சில நாள்கள் முடிக்காலம். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

காற்றடைத்த டயரின் தோற்றம் குறித்து, வழக்கம்போல், தகராறு. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1887இல் மகனின் மூன்று சக்கர வண்டிக்கு அதைச் செய்தார். 1888இல் காப்புரிமையும் வாங்கினார். ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே காப்புரிமை வாங்கியிருந்தது பிறகு தெரியவந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. நம் கருத்தரங்குகளில் இந்த ஆபத்து கிடையாது. முன்னவர் எழுதியதை யாரும் புரட்டுவதில்லை. ஐஎஸ்பிஎன் எண் கிடைத்தால் போதும்.

வரி தேய்ந்தால் மழையில் வழுக்கும் என்பது மரபு. அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் இதை மறுத்தார். டயர் ஒடுக்கம், காற்று கெட்டி, வேகம் குறைவு. ஆகவே கார்போலத் தண்ணீர்மேல் மிதந்து வழுக்க சைக்கிளுக்கு வழியில்லை. தார்ச்சாலைக்கு வழுக்கை டயரே போதும். மரபினர் ஏற்கவில்லை (பார்க்க: பஞ்சர் கடைக் கரும்பலகை, இடது மூலை, பாதி அழிந்த வரி).

இனி இவ்வாய்வின் உயிர்நிலை.

கண்ணாடித் துண்டு டயரைக் கிழித்துவிட்டால், கடைக்காரர் பழைய டயரில் நாலு விரல் நீளம் நறுக்கி, ஓரத்தைக் கத்தியால் சீவி, டியூபுக்கும் டயருக்கும் நடுவே வைப்பார். சீவாமல் வைத்தால் அந்த ஓரமே டியூபைத் தின்றுவிடும். கேள்வி இதுதான்: இத்துண்டு மூலமா, இடைச்செருகலா? செருகலே என்பது வடக்குத் தெருப் பள்ளி. தெற்குத் தெருப் பள்ளியோ, செருகப்பட்ட துண்டு மூலத்தைவிட வயதில் மூத்தது என்கிறது. பதிப்பாசிரியர் எவருக்கும் வராத சோதனை. துண்டின் வயதைக் காட்டி முழு டயரையும் பத்தாண்டு முன்னுக்குத் தள்ளியவரும் உண்டு. நூல்களை நூற்றாண்டுக் கணக்கில் தள்ளிப் பழகிய கைக்கு இது எம்மாத்திரம்?

செருகிய இடம் சுற்றுக்கு ஒரு முறை ‘தொப்’ என இடிக்கும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர், கிலோமீட்டருக்குச் சுமார் 450 தொப். ‘தொப்’ என்பது நேரசை. ‘நாள்’ வாய்பாட்டில் வெண்பாவின் ஈற்றுச் சீராக நிற்கத் தக்கது. ஆக, அலுவலகம் போய்ச்சேருமுன் ஓட்டுபவர் நூற்றுக்கணக்கான வெண்பாக்களை முடித்துவிடுகிறார், ஒன்றையும் தொடங்காமலே (தண்ணீர்ச் சட்டிக் குறிப்பு, மூன்றாம் குமிழி, அதற்கு மறுப்பு, எதிர்க்கடை, அதே நாள், மறுப்புக்கு மறுப்பு, டீக்கடை பெஞ்சு, கிழக்கு முனை, கணக்கில் எழுதிய வடைக்குக் கீழே).

முள்ளியல் சுருக்கமானது. நெருஞ்சிக்கு அமெரிக்காவில் பஞ்சர் கொடி என்றே பெயர். அதை ஒழிக்க 1961இல் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நம்மூரில் செருப்பின் அடியில் தேய்த்துவிட்டுப் போகிறோம்.

சண்டையில் மறந்துபோனது காற்று. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி வெடிப்பு விடும். வெயிலும் ஓசோனும் அதைப் பெரிதாக்கும். பள்ளத்தில் இறங்கினால் ரிம் டியூபை நசுக்கி, அருகருகே இரண்டு ஓட்டை போடும். முள்ளைத் தேடினால் அகப்படாது.

எடையில் பெரும்பங்கும் மிதிக்கும் விசையும் பின் டயருக்கே என்பதால் அதுதான் முதலில் நூல் காட்டும். நூல் தெரிந்தபின் துண்டு வைத்து ஒப்பேற்ற வேண்டாம். முன் டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள். ஓட்டத்தில் பின் டயர் வெடித்தால் பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தால் ஹேண்டில்பார் சொன்ன பேச்சு கேட்காது.