அரைத்த மாவும் தலைகீழ் நாடாவும்

1972 செப்டம்பரில் ராபர்ட் ஃப்ரிப் கிடாரைத் தூக்கிக்கொண்டு லண்டன் மைடா வேலில் இருந்த பிரையன் ஈனோவின் வீட்டுக்குப் போனார். ஃப்ரிப், கிங் கிரிம்சன் குழுவின் தலை. ராக் கிடார்காரர்கள் மேடையில் தலைமுடியைச் சிலுப்பிக் குதித்த காலத்தில் இவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருமான வரிக் கணக்குப் பார்ப்பவர் முகத்தோடு வாசிப்பார். ஈனோ, ராக்ஸி மியூசிக் குழுக்காரர். உடையெல்லாம் இறகு, கண்ணில் மை. தான் இசைக் கலைஞரே இல்லை என்பதை விசிட்டிங் கார்டு போல எல்லோரிடமும் நீட்டுவார். கல்யாணத் தரகரிடம் கேட்டிருந்தால் இந்த ஜாதகங்களைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்.

ஈனோவிடம் ரெவாக்ஸ் டேப் ரெக்கார்டர் இரண்டு. முதல் மெஷினில் புறப்படும் நாடா அங்கேயே சுற்றிக்கொள்ளாமல், கொடிக்கயிறு மாதிரி நீண்டு போய் அடுத்த மெஷினில் சுற்றும். முதலாவது பதியும். சில வினாடி கழித்து இரண்டாவது அதை ஒலித்து, மறுபடி முதலாவதுக்கே திருப்பி அனுப்பும். ஃப்ரிப் ஒரு சுரத்தை விட்டால் போதும், அது ஊர் சுற்றிவிட்டு அவர் காலடிக்கே வந்து சேரும். அதன் மேல் இன்னொன்றை ஏற்றுவார். அரைத்த மாவையே அரைப்பது நம் ஊரில் வசவு. இவர்கள் அதை ஏறக்குறைய 21 நிமிஷம் அரைத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டார்கள். (அமெரிக்காவில் இசையமைப்பாளர்கள் டெர்ரி ரைலியும் பாலின் ஒலிவெரோஸும் ஏற்கெனவே இந்த ஆட்டுக்கல்லைச் சுற்றியவர்கள்தான்.)

மறு பக்கத்தை அடுத்த வருஷம் ஸ்டூடியோவில் முடித்தார்கள். 1973 நவம்பரில் ஐலண்ட் கம்பெனி தன் மலிவு வரிசையில் வெளியிட்டது. டிரம்ஸ் கிடையாது, பாட்டு கிடையாது. தட்டின் பெயர் 'நோ புஸ்ஸிஃபுட்டிங்'. பூனைநடை வேண்டாம், சுற்றி வளைக்காதே என்று அர்த்தம். முழுக்க முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகிற தட்டுக்கு!

முதல் தடவை கேட்டபோது நான்காவது நிமிஷம் வரை ஃப்ரிட்ஜைச் சந்தேகித்தேன். எழுந்து போய் அதை நிறுத்தியும் பார்த்தேன். ரீங்காரம் நிற்கவில்லை. அப்புறம் அந்த ரீங்காரத்துக்குள்ளிருந்து ஃப்ரிப்பின் கிடார் மெல்ல எழுந்து, நீளமாக, மூச்சே விடாமல் அழ ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜில் பால் இருந்ததே மறந்துபோயிற்று.

டிசம்பரில் பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் இதை ஒலிபரப்பினார். அவருக்குப் போயிருந்த நாடா, கடைசி முனை வெளியே இருக்கும்படி சுற்றப்பட்டிருந்தது. மாட்டியவர் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் பின்னாலிருந்து முன்னால் ஓடின. பீல் சாமானியர் அல்ல. யாரும் சீண்டாத தட்டுகளைத் தேடிப்பிடித்துப் போடுவதே அவர் பிழைப்பு. அவர் காதிலேயே அது சரியாகத்தான் விழுந்தது. கடைசியில் ஈனோவே பி.பி.சி.க்கு ஃபோன் போட்டு, ஐயா, தலைகீழாக ஓடுகிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. ராயல்டி கேட்டு ஃபோன் செய்த கலைஞர்கள் உண்டு. திசை கேட்டுச் செய்தவர் இவராகத்தான் இருப்பார்.

1975-ல் இருவரும் இந்த மெஷின் சமாசாரத்தோடு ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போனார்கள். கிங் கிரிம்சனையும் ராக்ஸி மியூசிக்கையும் எதிர்பார்த்து டிக்கெட் வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிரியாணி விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசனையை மட்டும் இரண்டு மணி நேரம் காட்டினால் யாருக்குமே கோபம் வரும்.

பி.பி.சி. செய்த தப்பு வீண்போகவில்லை. 2008-ல் வந்த மறுபதிப்பில் இரண்டு பக்கத்தையும் தலைகீழாக ஓட்டிய பிரதியையும் சேர்த்தே விற்றார்கள். வாங்கிக் கேட்டேன். நேராக ஓடும்போது கிடார் கூப்பிடும், எதிரொலி பின்னால் தேய்ந்துகொண்டே போகும். தலைகீழாக ஓடும்போது எதிரொலி முதலில் வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கிறது, கூப்பிட்டவன் கடைசியில்தான் வந்து சேர்கிறான். பீலுக்குத் தெரியாமல் போனதில் தப்பே இல்லை.

அதே மறுபதிப்பில் முதல் பக்கத்தை அரை வேகத்தில் ஓட்டிய பிரதியும் உண்டு. ஏறக்குறைய 42 நிமிஷம். மாவு இன்னும் நைஸாக வந்திருக்கிறது.