அறையை ஒதுங்க வைத்த கதை

பிள்ளைகள் அறையை ஒதுங்க வைப்பதில் ஒரு விதி உண்டு: எந்தப் பொருளும் வீட்டை விட்டு வெளியேறாது, இடம்தான் மாறும். கட்டில் மேல் இருந்தது கட்டிலுக்கு அடியில் போகும். அடியில் இருந்தது பரணுக்கு ஏறும். பரணில் இருந்ததை, "பாவம், குழந்தை ஆசையா வெச்சிருந்தது" என்று பாட்டி ஆள்விட்டு இறக்கிக் கொடுத்துவிடுவார்.

எங்கள் வீட்டில் இந்த வேலை என்னுடையது. "உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்று மனைவி பாராட்டினால், கையில் துடைப்பம் வரப்போகிறது என்று பொருள்.

கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தேன். ஜோடி இல்லாத சாக்ஸ் வந்தது. காம்பஸ் இல்லாத ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது. திறந்தால், உள்ளே பத்திரமாகப் பென்சில் சீவல்.

"இது எதுக்கும்மா?"

"பால்ல ஊற வெச்சா ரப்பர் ஆயிடும்ப்பா. தூக்கிப் போட்டுடாதே!"

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோதும் இதே செய்முறைதான். பக்கத்து பெஞ்சில், நோட்டுக்குள் மயிலிறகு குட்டி போடும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்குமே இன்னும் முடிவு வரவில்லை. அதற்காக மூலப்பொருளை வீசிவிட முடியுமா?

அடுத்து லெகோ. எட்டுக் குமிழ் கொண்ட ஆறு கட்டைகளை 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் இணைக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 'டப்பாவுக்குள் போடுவது' அதில் சேராது போலிருக்கிறது. 1958இல் வார்த்த கட்டைகூட இன்றைய கட்டையோடு பொருந்துமாம். இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்த அப்பாவின் உள்ளங்காலோடும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வீட்டை ஒழுங்குபடுத்த உலகுக்கே வழி சொன்ன ஜப்பானியர் மாரி கோண்டோ. அவருடைய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்து சக்கைப்போடு போட்டது. பொருளைக் கையில் எடு. மனசுக்குச் சந்தோஷம் தந்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அவர் வழி. மகளிடம் சோதித்தேன். சக்கரம் கழன்ற கார்? சந்தோஷம். கழன்ற சக்கரம்? அதைவிடச் சந்தோஷம். போன பிறந்தநாளில் வெடித்த பலூன் துண்டு? கண் கலங்கும் அளவுக்குச் சந்தோஷம். 2023இல், மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, வீட்டை ஒழுங்காக வைப்பதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டதாக கோண்டோவே சொல்லிவிட்டார். குருவுக்கே இந்தக் கதி!

சரி, டப்பா முறை. பிளாஸ்டிக் டப்பாக்களில் 'கலர் பென்சில்', 'பொம்மை', 'இதர' என்று சீட்டு ஒட்டினேன். சில நாளில் எல்லாமே 'இதர' ஆகிவிட்டது. அதாவது பரவாயில்லை. பள்ளி ஐடி கார்டை முன்பெல்லாம் மகள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்: ஈரத் துண்டுக்கு மேலே, கரடி பொம்மைக்குக் கீழே. இப்போது வாசலில் வேன் ஹாரன் அடிக்க, குடும்பமே டப்பா டப்பாவாகக் கவிழ்க்கிறது. "எங்கேப்பா வெச்சே?" என்ற கேள்விக்கு நானல்லவா பதில் சொல்ல வேண்டும்!

போகியன்று கழிப்பதற்கென்று ஒரு பெரிய பை நிரப்புவோம். "அது என் ஃப்ரெண்டு குடுத்தது" என்று ஒவ்வொன்றாகப் பையிலிருந்து வெளியேறும். பொழுது விடிகையில் உள்ளே மிஞ்சியிருப்பது, நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கும் சட்டை.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் அந்த அறை தானாகவே சுத்தமாகும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து வந்த மகள், யாரும் சொல்லாமலே நோட்டு, புத்தகம், கைடு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் வாசலில் அடுக்கினாள். பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு, தராசு முள்ளைக் குனிந்து பார்த்து, கிலோவுக்கு இன்னும் இரண்டு ரூபாய் கேட்டு வாங்கினாள். எது சந்தோஷம் தராத பொருள் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

வந்த காசில் மாலையே ஒரு டப்பா ஸ்லைம் வாங்கியாயிற்று. அது இப்போது 'இதர'வில் இருக்கிறது. மூடி மட்டும் கட்டிலுக்கு அடியில்.